பச்சைத் தண்ணிய காய்ச்சிட்டா போதுமா?

போன சித்திரையில சென்னையிலேர்ந்து வந்த தங்கச்சி மகன் எங்க தாங்கல் கரையில நின்னு, "மாமா, தண்ணி என்னா பச்சை, சூப்பரா இருக்கு!"ன்னு போட்டோ எடுத்தான். பெயிண்ட் ஊத்தின மாதிரி மிதந்துச்சு பாசி. எங்க மாடு குடிக்கிறது அதுலதான். போர்த் தண்ணி உப்பேறுற மாசத்துல சில வீடுகள்ல அதையே வடிகட்டிக் காய்ச்சி சமைக்கிறாங்க.

நீலப்பச்சைப் பாசின்னு சொன்னாலும் அது ஒருவகை பாக்டீரியா. எல்லாமே கெடுதல் இல்லீங்க. மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி சிலது மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலில் சேர்ந்து, செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் நொதிகளை முடக்கிவிடும். 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த நஞ்சு கலந்த தண்ணீரில் டயாலிசிஸ் செய்யப்பட்டவர்களில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

புற்றுநோய் விஷயத்துல அவசரப்பட்டுப் பேசக் கூடாது. சீனாவின் ஹைமென் பகுதியில், ஆழ்கிணற்று நீர் குடித்தவர்களைவிடக் குளம், வாய்க்கால் நீர் குடித்தவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் அதிகம் இருந்தது. அங்கே ஹெபடைடிஸ் பி கிருமியும், பூஞ்சை பிடித்த தானியத்தின் அஃப்ளடாக்சினும் இருந்தன. பழியெல்லாம் பாசி மேல போட முடியாது. ஆனா வேறொன்றால் கெட்டுப்போன கல்லீரலில் கட்டி வளர்வதை இந்த நஞ்சு தூண்டுவதை விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மைக்ரோசிஸ்டின்-எல்ஆரை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்ற 2பி பட்டியலில் வைத்தது.

காய்ச்சினா கிருமி சாகும், இந்த நஞ்சு சாகாது. பாசி வெடிச்சு நஞ்சு இன்னும் வெளியே வரும். 2014-ல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் அதனாலதான் "காய்ச்சிக்கூடக் குடிக்காதீங்க"ன்னு அறிவிச்சாங்க.

"பழவேற்காடு உப்பு ஏரியாச்சே, எங்களுக்கு என்ன?"ன்னு மீன்பிடிக்கிற நண்பர் கேட்டார். மைக்ரோசிஸ்டிஸ் நல்ல தண்ணிப் பாசிதான். ஆனா உப்புல அது செத்தாலும் நஞ்சு உடனே போயிடாது. கலிபோர்னியாவில் ஏரியிலிருந்து கடலுக்கு வந்த நஞ்சு சிப்பிகளில் சேர்ந்து, கடல் நீர்நாய்கள் செத்ததா 2010-ல் வெளியான ஆய்வு சொல்லுது. ஆரணியாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் இங்கதானே வந்து சேருது?

இதுல எனக்கும் பங்கு இருக்கு. கழனியில போடுற யூரியாவும் டிஏபியும் மழையில கரைஞ்சு பாசிக்குத்தான் சோறு. நகரத்துச் சாக்கடையும் அதுக்குச் சோறு. இந்தப் போகத்துல யூரியாவைக் குறைச்சுப் பிரிச்சுப் போடறேன். தாங்கல் ஓரம் பத்தடி உழாம புல்லுக்கு விட்டிருக்கேன்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான் மைக்ரோசிஸ்டின்-எல்ஆருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு. கோடையில ஊர்க்குளத்துத் தண்ணியை இதுக்காகவும் சோதிக்கணும்னு அடுத்த கிராமசபையில கேக்கப்போறேன். ஊர் சுத்திப் பார்க்க வர்றவங்க ஒண்ணு செய்ங்க: பச்சைப் படலம் மிதக்கிற தண்ணியில பிள்ளைகளை இறக்காதீங்க.