தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்

நியூசிலாந்துச் சட்டத்துக்கு அளவுகோல் மேல் அபாரமான நம்பிக்கை. நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டர் ஒரு மோட்டார் வாகனம் அல்ல என்று 2018 செப்டம்பரில் அரசிதழில் அறிவித்தபோது, போக்குவரத்து முகமை அந்த வண்டிக்கு இலக்கணமே வகுத்தது. சக்கரத்தின் விட்டம் 355 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மோட்டாரின் உச்ச ஆற்றல் 300 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. கால் வைக்கப் பலகை வேண்டும். திருப்புவதற்கு நீண்ட கைப்பிடி வேண்டும். சக்கரம் இரண்டோ மூன்றோ இருக்க வேண்டும். இத்தனையையும் அளந்தவர்கள், பலகைமேல் நிற்கும் ஆளின் தலையை மட்டும் விட்டுவிட்டார்கள். தலைக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது என்று அரசு பரிந்துரைக்கிறது. கட்டாயமில்லை. அறிவிப்பை 2023இல் இன்னும் ஐந்தாண்டுக்கு நீட்டித்தபோதும் இந்த நிலை மாறவில்லை.

இதே ஆக்லாந்தில், இதே தெருக்களில், மிதிவண்டி ஓட்டுகிறவருக்கு 1994 ஜனவரி 1 முதல் தலைக்கவசம் கட்டாயம். போடாமல் பிடிபட்டால் 55 டாலர் அபராதம். டொமினியன் ரோட்டில் பால் வாங்கப் போகும் பாட்டி மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாலும் தாடைக்குக் கீழே வாரைக் கட்டியிருக்க வேண்டும். 25இல் அவரைத் தாண்டிப் போகும் ஸ்கூட்டர்காரர் வெறுந்தலையோடு போகலாம். மின் ஸ்கேட்போர்டின் கதை இன்னும் விநோதம். அதற்குக் கைப்பிடியே கிடையாது; ஆகவே 2018இன் இலக்கணத்துக்குள் அது வராது. அந்த அறிவிப்பு அதை ஏற்கவும் இல்லை, ஏறி நிற்பவர் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லவும் இல்லை. கடையில் விற்கிறது. பிள்ளைகள் வாங்குகிறார்கள். பேருந்துக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையே உள்ள சந்தில் ஓட்டுகிறார்கள்.

இதற்குத் தனிமனித சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இதைக் கோழைத்தனம் என்பேன். மோட்டார் பொருத்திய எந்தப் பலகையில் ஏறிச் சாலைக்கு வந்தாலும் தலைக்கவசம் கட்டாயமாக வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தக் கவசத்தைக் கொடுக்கும் கடமை, பலகையை விற்கிறவர் தலையிலும் வாடகைக்கு விடுகிறவர் தலையிலும் விழ வேண்டும்.

'நான் மெதுவாகத்தான் போகிறேன்' என்பது எல்லோரும் சொல்லும் முதல் பதில். பௌதிகம் இந்தப் பதிலைக் கேட்டுக்கொள்வதில்லை. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் மனிதரின் தலை ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. முன்னால் எவ்வளவு வேகத்தில் போனோம் என்பது வேறு கணக்கு. கீழே எவ்வளவு வேகத்தில் போவோம் என்பதைப் பூமி ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1078 தலைக்கவசங்களைச் சோதிப்பதும் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். அந்தத் தரநிலையின் தலைப்பிலேயே மிதிவண்டியோடு ஸ்கேட்போர்டும் ரோலர் ஸ்கேட்டும் இடம்பெற்றிருக்கின்றன. சோதனைக்கூடத்துக்குத் தெரிந்தது சட்டமன்றத்துக்குத் தெரியவில்லை.

மிதிவண்டிக்குப் பெரிய சக்கரம்; சாலையில் ஒரு சிறு பள்ளம் வந்தால் உருண்டு கடந்துவிடும். ஸ்கேட்போர்டின் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு ஜல்லிக்கல், தார் ஒட்டுப்போட்ட விளிம்பு, தண்டவாளத்தின் இடுக்கு, எது வந்தாலும் பலகை நின்றுவிடும்; ஆள் நிற்க மாட்டார். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பிரேக், கையிலிருக்கும் சின்ன ரிமோட்டில். சற்று அழுத்திப் பிடித்தால் உடம்பு முன்னால் போகிறது. பேட்டரியோ ரேடியோ இணைப்போ மக்கர் செய்தால் பிரேக்கே இல்லை. ஆக்லாந்தோ எரிமலை மேடுகளின்மேல் கட்டிய ஊர். எந்தப் பக்கம் போனாலும் ஓர் இறக்கம் காத்திருக்கும்.

தலைக்கவசம் மந்திரத் தாயத்து அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் நுரை நொறுங்குவதன் மூலம் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை நொறுங்கினால் அதன் வேலை முடிந்தது. லாரி மோதினால் அது என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. ஆனால் பெரும்பாலான விழுகைகள் லாரியால் வருவதில்லை, தரையால் வருகின்றன. விபத்தில் அடிபட்ட 64,000க்கும் மேற்பட்ட மிதிவண்டிக்காரர்களைப் பற்றிய 40 ஆய்வுகளை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். தலைக்கவசம் அணிந்தவர்களிடம் கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிட நேரான விளக்கவுரை கிடையாது.

தெரிந்துகொண்ட பிறகும் சட்டம் தூங்குவது புதிதல்ல. 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. ராணுவத் தூதுவர்கள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து சாவதை எண்ணிப் பார்த்து, 1941இல் தலைக்கவசத்தின் பயனைக் கட்டுரையாக எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் ஓட்டுநர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குக் கட்டாயமானது 1973இல். இடையே 32 ஆண்டுகள். அந்த இடைவெளியை ஆண்டுகளில் எண்ணுவது நாகரிகம். உண்மையில் அதை மண்டையோடுகளில் எண்ண வேண்டும். நியூசிலாந்தின் 1994 சட்டமும் தானாக வந்ததல்ல. மிதிவண்டியில் போன மகன் கார் மோதி மூளைக்காயம் பட்டுக் கிடந்ததைப் பார்த்த பாமர்ஸ்டன் நார்த் ஊர்த் தாய் ரெபெக்கா ஓட்டன், பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிப் பேசியதால் வந்தது. ஸ்கூட்டருக்கும் ஸ்கேட்போர்டுக்கும் எந்தத் தாய்க்காகக் காத்திருக்கிறோம்?

'என் தலை, என் இஷ்டம்' என்ற வாதம் அமெரிக்காவில் எடுபடலாம். இங்கே எடுபடாது. 1974 ஏப்ரல் 1 முதல் இந்த நாட்டில் விபத்துக் காப்பீடு பொதுச்சொத்து. யார் தவறு என்று கேட்காமல் ஏ.சி.சி. மருத்துவச் செலவை ஏற்கிறது. வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கொடுக்கிறது. உலகமே பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு. அந்தப் பணம் நம் சம்பளத்திலும் பெட்ரோலிலும் வரியிலும் பிடித்தது. ஆகவே என் தலை முழுக்க என்னுடையது அல்ல. அதில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பங்கு இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஏ.சி.சி. இருப்பதால், காயம்பட்டவர் இழப்பீடு கேட்டு யார்மீதும் வழக்குப் போட முடியாது. வேறு நாடுகளில் வாடகை நிறுவனங்களைப் பயமுறுத்துவது நீதிமன்றம். இங்கே அந்தப் பயம் இல்லை. லாபம் அவர்களுக்கு, எலும்பு நமக்கு, பில் எல்லோருக்கும். நீதிமன்றம் செய்ய முடியாததைச் சட்டம்தான் செய்தாக வேண்டும். சட்டமோ பரிந்துரை செய்துகொண்டிருக்கிறது.

நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பலாமா? 2018 அக்டோபரில் லைம் ஸ்கூட்டர்கள் ஆக்லாந்தில் இறங்கின. நான்கே மாதத்தில், ஓடும்போதே முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும் கோளாறு காரணமாக நகர மன்றம் அவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், நகர மையத்தின் ஃபேன்ஷா தெருவில் வாடகை ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஒருவர் உயிரிழந்தார். 2024இல், அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிக வண்டிகளை இறக்கியது தெரியவந்ததும் பீம் நிறுவனம் உரிமத்தை இழந்தது. எண்ணிக்கையையே சரியாகச் சொல்லாதவர்கள் தலையைப் பார்த்துக்கொள்வார்களா?

'தலைக்கவசம் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது' என்பார்கள். மென்பொருள் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் இதைக் கேட்டால் சிரிப்புதான் வருகிறது. வண்டி எந்தத் தெருவில் நுழைந்தது என்று நொடியில் கண்டுபிடித்து வேகத்தைக் குறைக்கத் தெரிகிறது. தவறான இடத்தில் நிறுத்தினால் பணம் பிடிக்கத் தெரிகிறது. கவசத்தை வண்டியிலேயே பூட்டி, செயலி வழியாகத் திறந்து கொடுக்கும் ஏற்பாட்டை நியூரான் நிறுவனம் ஏற்கெனவே செய்திருக்கிறது. குயின்ஸ்லாந்தில் மின் ஸ்கூட்டருக்கும் மின் ஸ்கேட்போர்டுக்கும் தலைக்கவசம் கட்டாயம். பிரிஸ்பேனில் வாடகை ஸ்கூட்டர் தொழில் படுத்துவிடவில்லை. முடியாதது எதுவும் இதில் இல்லை. செய்யச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். சட்டம் வந்தால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் இளைத்தவன் மாட்டுவான் என்பது அது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் மாவட்டம், மிதிவண்டித் தலைக்கவசச் சட்டத்தை 2022இல் விலக்கிக்கொண்டது. வீடற்றவர்களையும் கறுப்பினத்தவரையும் மறித்து நிறுத்தவே அது பயன்பட்டது என்று கண்டார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடியில், ஹெல்மெட் போடாமல் நிற்காமல் போன தம்பதியைக் காவல் ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று வண்டியை உதைத்தார். மனைவி கீழே விழுந்து இறந்தார். தலையைக் காப்பாற்றும் சட்டத்தின் பெயரால் ஓர் உயிர் போயிற்று.

அதிகாரம் தடியோடு வந்தால் மக்கள் தந்திரத்தோடு போவார்கள். 2007 ஜூனில் ஒரு முறை கட்டாயம் என்றார்கள், பிறகு தளர்ந்தது. 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் உத்தரவிட்டு, ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயமானது. விளைவு நமக்குத் தெரியும். பெட்ரோல் டாங்கின்மேல் ஹெல்மெட், முழங்கையில் ஹெல்மெட், சிக்னலில் போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏறும் ஹெல்மெட், ரோட்டோரத்தில் போலி ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு குவித்து விற்ற பிளாஸ்டிக் சட்டி. ஹெல்மெட் தலைக்கானது என்பது போய், போலீஸுக்கானது என்றாயிற்று. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் தலைக்கவசம் இல்லாமல் போய் இறந்தவர்கள் 50,029 பேர்.

ஆனால் அதே இந்தியச் சட்டப் புத்தகத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஓர் அருமையான விதி இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆவது விதி: இருசக்கர வாகனத்தை விற்கும்போதே, தரச்சான்று பெற்ற தலைக்கவசத்தை உற்பத்தியாளர் கொடுக்க வேண்டும். சாவியோடு கவசமும் கைக்கு வர வேண்டும் என்பதுதான் பொருள். அங்கே அது ஏட்டுச் சுரைக்காயாகக் கிடக்கிறது. இங்கே அதை நட்டு வளர்க்கலாம். இந்த நாட்டில் கடைக்காரருக்கு ரசீது இருக்கிறது, வாடகை நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறது, சோதனை செய்ய ஒரு காவலரும் தெருவில் யாரையும் துரத்த வேண்டியதில்லை. கவசம் இல்லாமல் பலகை விற்றால் விற்றவருக்கு அபராதம். கவசப் பூட்டு திறக்காமல் வண்டி கிளம்பினால் உரிமம் ரத்து. ஓட்டுகிறவருக்கு, மிதிவண்டிக்காரருக்கு உள்ள அதே 55 டாலர். அதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம்.

நம்மவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. சாண்ட்ரிங்ஹாமிலும் மவுண்ட் ராஸ்கிலிலும் இருந்து ரயில் நிலையத்துக்கு இந்தப் பலகைகளில் போகிறவர்களில் நம் பிள்ளைகள் பலர். வேலையோடு கட்டிப்போட்ட விசாவில் வந்த இளைஞர்களும் உண்டு. மூளைக்காயம் என்றால் நாம் நினைப்பது கோமா. பெரும்பாலும் அது அப்படி வருவதில்லை. கவனம் நிற்காது, வெளிச்சம் கூசும், நேற்றுப் படித்த நிரல் இன்று புரியாது, காரணமில்லாமல் கோபம் வரும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். மருத்துவச் செலவை ஏ.சி.சி. பார்த்துக்கொள்ளும். போன வேலையையும், அந்த வேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த விசாவையும், ஊரில் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீட்டையும் அது பார்த்துக்கொள்ளாது. கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் மகனுக்கு எண்ணூறு டாலர் பலகை வாங்கித் தரும் அப்பா, எண்பது டாலர் கவசத்துக்கு 'அவன் போட மாட்டாங்க' என்கிறார். போட மாட்டான் என்றால் ஏறவும் கூடாது. நீச்சல் தெரியாத பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டு அவன் சுதந்திரத்தைப் பற்றி நாம் பேசுவதில்லையே.

விபத்து நடந்துவிட்டால் 'எல்லாம் தலையெழுத்து' என்போம். எழுதியவன் ஓட்டின்மேல் எழுதினான் என்றால், அந்த ஓடு உடையாமல் பார்த்துக்கொள்வது படிக்கிறவர்கள் வேலை.

2018இன் அறிவிப்பு 2028இல் காலாவதியாகிறது. விட்டத்தையும் வாட்டையும் மறுபடி எடுத்து மேசையில் வைப்பார்கள். மக்கள் கருத்தைக் கேட்டால் வாடகை நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் தயாராக இருப்பார்கள். நாம் என்ன அனுப்பப் போகிறோம்? நம் தொகுதி உறுப்பினருக்கு இப்போதே எழுதலாம். பக்கக்கணக்கு வேண்டாம், இரண்டு வரி போதும்: கைப்பிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டுகிறவருக்குத் தலை இருக்கிறது. விற்கிறவரும் வாடகைக்கு விடுகிறவரும் அதற்கான கவசத்தை வண்டியோடு கொடுக்கட்டும்.