நெஞ்சுக்கும் அளவு வேண்டும்

மூன்று குடங்களும் அரைக்குடமாக இருக்கும்போது, ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் குறை தெரியுமா? தெரியாதன்றோ! இதயத் தசைக்குப் பாயும் குருதியைக் கதிரியக்க மருந்தால் படமெடுக்கும் வழக்கமான முறையிலும் இதே இடர் உண்டு.

நம் திருப்பதியில், ஸ்விம்ஸ் மருத்துவமனையில் அணு மருத்துவத் துறை இருப்பதை நம் விடுதியிலேயே பலர் அறியார். இத்தகைய படத்துக்குப் பெரிதும் பயன்படுவது டெக்னீசியம். அதன் அரை ஆயுள் 6 மணி. அதை ஈனும் மாலிப்டினத்துக்கோ 66 மணி. எனவே மாலிப்டினக் கலத்தை வாங்கி வைத்து நாள்தோறும் டெக்னீசியம் கறக்கலாம். 'பசு' என்றே அக்கலத்துக்குச் செல்லப்பெயர்! சித்தூர்ப் பால்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் படம் ஒப்பிடுகிறது, அளப்பதில்லை. மூன்று பெருங்குழாய்களும் ஒருசேரச் சுருங்கினால் படம் சீராகவே தோன்றக்கூடும். நீரிழிவுக்காரரிடமும் பெண்களிடமும் நுண்குழாய்கள் மட்டும் கெட்டிருப்பதுண்டு. ஆஞ்சியோவில் அது தெரியாது. ஆம்பூரிலிருந்து பிழைப்புக்காகச் சித்தூரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. என் பெரியம்மாவை ஒரு மருத்துவமனையில், "குழாயெல்லாம் சுத்தம், வெறும் வாயு" என்று அனுப்பிவிட்டார்கள். வலி மட்டும் போகவில்லை.

பெட் கருவி அளவையே தரும்: ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று. ஓய்வில் ஏறத்தாழ 1. மருந்து கொடுத்துக் குழாய்களை விரித்தால் நல்ல இதயத்தில் 3 மடங்காவது பெருகும். 2 மடங்கை எட்டாவிடில், படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் ஐயுறத்தான் வேண்டும்.

பின் ஏன் இது ஊரெங்கும் பரவவில்லை? அரை ஆயுள்தான் தடை! நைட்ரஜன்-13க்கு 10 நிமிடமே. வேலூரில் செய்து சித்தூருக்கு 50 நிமிடத்தில் கொண்டுவந்தாலும் எஞ்சுவது 32இல் ஒரு பங்கு. ரூபிடியம்-82க்கும் 'பசு' உண்டு. விலைதான் யானை விலை. 2024இல் அமெரிக்கா ஒப்பிய ஃப்ளூர்பிரிடாஸ் மருந்தில் இருப்பது ஃப்ளூரின்-18. அரை ஆயுள் 110 நிமிடம். சென்னையிலிருந்து திருப்பதிக்கு 3 மணி நேரம் ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். சாலையைத் தாங்கும் மருந்து!

ஆகவே, சைக்ளோட்ரான் இல்லாத ஊருக்கு அளவு எதற்கு என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். புதுக் கட்டடத்துக்குக் கொடையளிப்போர் இதற்கும் அளிக்கட்டும். கருவியை இயக்க இயற்பியல் அறிந்தவரும் வேண்டும். சிதைவுக் கோட்டை ஆய்வுக்கூடத்தில் வரைந்து, மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகிற நம்மில் இருவர் மூவராவது அந்தப் பக்கம் போகலாமே!