நடுவில் நிற்கும் ஷாஃப்ட் எடை தாங்காது

லஸ் கார்னர் சிக்னலில் நின்ற 29சி பஸ் மறுபடி கிளம்பும்போது வரும் உறுமலைக் கேட்டிருப்பீங்க. அந்த எஞ்சினுக்குள் கிராங்க்ஷாஃப்ட், பேரிங்கைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருப்பது சில மைக்ரான் ஆயில் மட்டும்தான். ஏன் தொடலை?

போன செமஸ்டர் வைவாவில் எக்ஸ்டர்னல் என்னிடம் இதைத்தான் கேட்டார். "ஆயில் வழுக்கும் சார்" என்றேன். "வழுக்கட்டும்ப்பா, எடையை யார் தாங்குறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் முந்தைய வாரம்தான் ஜர்னல் பேரிங் கணக்கில் முழு மார்க் வாங்கியிருந்தேன். டேட்டா புக் டேபிளில் விரல் வைத்து, சோமர்ஃபெல்டு நம்பருக்கு நேரே உள்ள விடையை எடுத்து எழுதினேன். அவ்வளவுதான்.

நாம் பேரிங் டிசைன் படிக்கவில்லை, டேபிள் பார்க்கப் படிக்கிறோம். இதுதான் என் குறை.

பதில் 1880-களிலேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் ரயில் பேரிங்குகளைச் சோதித்தார். பேரிங்கின் மேலே இருந்த ஓட்டையைத் தக்கை வைத்து அடைத்தார். ஆயில் அதை வெளியே தள்ளியது. மர ஆப்பு அடித்தார், அதையும் தள்ளியது! ஆயிலுக்குள் பிரஷர் உருவாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குச் சமன்பாடு எழுதினார்.

அது சொல்லும் விஷயம் அழகானது. ஷாஃப்ட் சுற்றும்போது ஆயிலை ஒட்டி இழுத்துக்கொண்டு போகிறது. இடைவெளி போகப்போகக் குறுகினால், உள்ளே வந்த ஆயிலுக்கு இடம் போதாது. அந்த நெருக்கடிதான் பிரஷர், அதுதான் எடையைத் தூக்குகிறது. இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருந்தால் பிரஷரே வராது. அதாவது, கச்சிதமாக நடுவில் நிற்கும் ஷாஃப்ட் எடை தாங்காது. கொஞ்சம் விலகி நின்றால்தான் தாங்கும். வேகம் இல்லையென்றாலும் பிரஷர் கிடையாது. "ஸ்டார்ட் பண்ண உடனே மிதிக்காதே தம்பி, ஆயில் ஏறட்டும்" என்று எங்கள் மயிலாப்பூர் மெக்கானிக் அண்ணன் சொல்வதன் பாதிக் காரணம் இதுதான்.

"இப்போ எல்லாத்துக்கும் சாஃப்ட்வேர் இருக்கே மச்சான்" என்பீர்கள். இருக்கிறது. 1904-ல் சோமர்ஃபெல்டு இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு கண்டார். இடைவெளி குறுகும் பக்கம் எவ்வளவு பிரஷரோ, விரியும் பக்கம் அதே அளவு மைனஸில் வந்தது. நிஜத்தில் ஆயில் அப்படி இழுபடாது, குமிழி விட்டு உடைந்துவிடும். அதனால் அந்தப் பாதியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சாஃப்ட்வேரில் அந்த பவுண்டரி கண்டிஷனை யார் தேர்ந்தெடுப்பது? நாம்தான். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஷாஃப்ட் நிற்கும் இடமே தப்பாக வரும். கலர் கலராக, நம்பும்படி வரும்!

டேட்டா புக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதைத் திறப்பதற்கு முன் இரண்டு பீரியட், போர்டில் ரெனால்ட்ஸ் சமன்பாட்டை வருவித்துக் காட்டுங்கள் என்று நம் சார், மேடம்களிடம் கேட்போம். டேபிள் அடுத்த எடிஷனில் மாறலாம். ஆயில் ஏன் தூக்குகிறது என்பது மாறாது.