வருஷத்தில் ஒரு நாள் திறக்கும் கோயில்

உலகத்தில் பார்த்தே தீரவேண்டிய கட்டடங்கள் என்று யாராவது ஒரு ஜாபிதா போட்டால், இரண்டு பெயர்கள் அதில் தவறாமல் இருக்கும். ஒன்று, ஏதென்ஸ் நகரத்துக் குன்றின்மேல் நிற்கும் பார்த்தினான். இன்னொன்று, ஆக்ராவின் தாஜ்மகால். சகோதரிகளே, கவனித்தீர்களா? இரண்டுமே பெண்களுக்காக எழும்பியவை! முதலாவது அதீனா என்ற தேவதைக்கு. இரண்டாவது மும்தாஜ் என்ற மகாராணிக்கு.

தேவதைக்கும் ராணிக்கும் கட்டடம் எழுப்புவது பெரிய காரியமல்ல. வியாபாரி வீட்டுப் பெண் ஒருத்திக்கு, புருஷனைப் பறிகொடுத்து ஒற்றைச் சிலம்போடு ராஜசபைக்குப் போய் நியாயம் கேட்ட குடும்ப ஸ்திரீக்கு, மலையுச்சியில் ஒரு கோயில் இருக்கிறதென்றால், அதுதான் அதிசயம். அந்த அதிசயம் நம் தேனி மாவட்டத்தின் ஓரத்திலேயே இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மூலையில், குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர் லோயர் கேம்ப். அதற்குப் பக்கத்தில் பளியன்குடி. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். மதுரையை எரித்துவிட்டுப் பதினான்கு நாள் நடந்து கண்ணகி ஏறிய மலை இதுதான் என்பது இந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து அவளுக்குக் கோயில் எடுத்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கோட்டம் இதுவே என்று 1960-களில் எடுத்துச் சொன்னவர், தமிழறிஞர் சி. கோவிந்தராசனார்.

அந்த விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகுவும் வந்திருந்தான் என்பது காவியத்தின் செய்தி. கதை எப்படியானாலும், கடலுக்கு அப்பால் அவள் இன்றும் வாழ்கிறாள். கண்டியில் அவள் பத்தினித் தெய்வம், சிங்களவர்கள் கும்பிடுகிறார்கள். மட்டக்களப்புத் தமிழர்களுக்கு அவள் கண்ணகை அம்மன்; வைகாசி பிறந்தால் ஊர் ஊராகச் சடங்கு நடக்கும்.

இங்கே நம் மலையிலோ அவளுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான்: சித்ரா பௌர்ணமி. கோயிலைச் சுற்றியிருப்பது புலிகள் காப்பகக் காடு. மற்ற நாட்களில் பொதுமக்கள் போக முடியாது. அன்றைக்கு மட்டும் தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்து, காலையில் வழிவிட்டு, இருட்டுவதற்குள் எல்லோரையும் கீழே இறக்கிவிடுவார்கள். தமிழ்ப் பூஜையும் உண்டு, மலையாளப் பூஜையும் உண்டு. பெண்கள் பொங்கல் வைப்பார்கள்.

இளவேனில் காலத்தில் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று யோசிக்கிறவர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக் கொள்ளலாம். போவதற்கு வழி இரண்டு. குமுளியிலிருந்து அனுமதி பெற்ற ஜீப்புகள் போகும். எலும்பு குலுங்கும், ஆனால் வயதானவர்களுக்கு அதுதான் கதி. கால் பலமுள்ளவர்கள் பளியன்குடியிலிருந்து நடக்கலாம். ஆறு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தான ஏற்றம். ‘பழனிப் படி ஏறியிருக்கிறேனே’ என்று நினைத்துக்கொண்டு வரவேண்டாம். இங்கே படி கிடையாது. விடியற்காலையில் கிளம்பினால் வெயிலுக்குத் தப்பலாம். பட்டுப் புடவையை வீட்டில் வைத்துவிட்டு நூல் புடவையில் வாருங்கள். பிளாஸ்டிக் பைக்கும் பாட்டிலுக்கும் வழியிலேயே தடை. தண்ணீருக்கு எவர்சில்வர் கூஜா உத்தமம். புளியோதரையை வாழை இலையில் கட்டிக்கொண்டால் கெடவும் கெடாது, காட்டுக்குக் குப்பையும் சேராது.

உச்சிக்குப் போனதும் சிலருக்கு மனசு கனத்துவிடும். கீழே கம்பம் பள்ளத்தாக்கு பச்சைக் கம்பளமாக விரிந்திருக்கும். எதிரே கோயிலோ இடிந்து கிடக்கும். சரிந்த சுவர்கள், சிதறிய கருங்கற்கள். இடம் எந்த ராஜ்யத்துக்குச் சொந்தம் என்ற வழக்கு வெகு காலமாக இழுபறியில் இருக்கிறது. செப்பனிட வேண்டும் என்ற கோரிக்கையும் அதோடு சேர்ந்து காத்திருக்கிறது. பார்த்தினானும் கூரை இழந்த கோயில்தான். 1687-ல் அங்கே அடுக்கியிருந்த வெடிமருந்தின்மேல் பீரங்கிக் குண்டு விழுந்து சிதறிப்போயிற்று. ஆனால் கிரேக்கர்கள் விழுந்த கல்லை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எடுத்து நிறுத்தி வருகிறார்கள். நியாயம் கேட்டவளின் வீடு மட்டும் இரண்டு கட்சிக்கு நடுவே நிற்கிறது.

இரண்டு ராஜ்யங்கள் சேர்ந்தால் ஒன்றும் நடக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த ஒரு நாளில் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே பாதையில் நின்று கூட்டத்துக்கு வழிகாட்டுகிறார்கள். கூட்டம் வருகிறவரைக்கும் அவர்கள் கூடிப் பேசித்தான் ஆகவேண்டும். நாம் போவதற்கு அதுவும் ஒரு காரணம். போனால் கற்களின்மேல் ஏறி உட்கார வேண்டாம். குழந்தைகள் பெயர் கிறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற கல்லாவது இருந்த இடத்தில் இருக்கட்டும்.

இறங்கி வந்த பிறகு லோயர் கேம்பில் அரை மணி தங்குங்கள். மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியும். மேற்கே ஓடிய பெரியாற்றை அணைகட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர் அது. மின்சாரம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறது. அணை 1895-ல் திறக்கப்பட்டது. சிமென்ட் இல்லை, சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். அதைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. 2013-ல், அவர் பிறந்த தினமான ஜனவரி 15-ல் திறந்தார்கள். வருஷா வருஷம் அந்த நாளில் விவசாயிகள் பொங்கல் வைத்து அந்த வெள்ளைக்காரரைக் கொண்டாடுகிறார்கள்.

தண்ணீர் கொடுத்தவருக்கு மண்டபம் கட்டிய ஊர் இது. மலைமேல் இருப்பவளுக்கும் ஒரு கூரை கிடைக்காமலா போகும்? அதுவரை, திராட்சை இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். கம்பம் பன்னீர் திராட்சையை வாங்காமல் திரும்பினால் வீட்டில் கேட்பார்கள்!