சுற்றிய தாத்தா!

கல்யாண வீடியோ பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் எங்கே தப்பித்திருக்கப் போகிறீர்கள்! தாலி கட்டிய மாப்பிள்ளை அடுத்த நிமிஷமே ரோஜாப்பூவுக்குள்ளிருந்து சுழன்று வருவார். பெண் ஒரு டப்பாவின் நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றுவாள். நமக்குத் தலை சுற்றும்.

பூலாம்பாடியில் 2001-ல் நடந்த என் சித்தப்பா கல்யாண கேசட்டும் அந்த ரகம்தான். போன மாசம் அப்பாயி கேட்டது: "அதுல உங்க தாத்தா வருவாரே தம்பி, ஒருவாட்டி போட்டுக் காட்டுடா."

தாத்தா மறுவருஷமே போய்விட்டார். அவர் நடமாடுகிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அப்பாயி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

மூணு மணி நேர கேசட்டில் தாத்தா மூணே செகண்ட்! மண்டப வாசலில் கும்பிடு போடுகிறார். உடனே எடிட்டர் அண்ணன் அவரை ரெண்டு சுற்று சுற்றவிட்டு, புள்ளியாக்கி, வானத்தில் பறக்கவிட்டிருந்தார்.

"உசுரோட இருக்கும்போதே அனுப்பிச்சிட்டானே!" என்றது அப்பாயி.

நான் பி.காம்.தான். ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. எடிட்டிங் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விஷயம் ரொம்ப சிம்பிள். வீடியோ என்பது தட்டையான அட்டை. ஆணியில் மாட்டிய காலண்டர் மாதிரி ஆடினால் இஸட் அச்சு. கதவு மாதிரித் திறந்தால் ஒய். டிரங்குப் பெட்டி மூடி மாதிரித் தூக்கினால் எக்ஸ். கதவு 60 டிகிரி திரும்பினால் படத்தின் அகலம் பாதி. 90-ல் வெறும் கோடு. 180-ல் இடம் வலம் மாறி, மாப்பிள்ளை இடது கையால் மொய் வாங்குவார்!

1980-களின் தொடக்கத்தில் ஆம்பெக்ஸ், குவான்டெல் கம்பெனிகளின் பெரிய மெஷின்களை வைத்து டி.வி. நிலையங்கள் செய்த வித்தை இது. 2001-ல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே முப்பரிமாண லேயர் வந்துவிட்டது. இன்றைக்கு செல்போனிலேயே செய்யலாம். பட்டன் இருந்தால் விரல் சும்மா இருக்குமா?

நம்மூர் வீடியோவில் செகண்டுக்கு 25 ஃப்ரேம். ஆக, தாத்தா 75 ஃப்ரேம். எதிர்ப்பக்கம் திருப்பினால் நிமிர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். 60 டிகிரியில் இருந்தவரை இழுத்துப் பார்த்தேன். அகலம் வந்தது, முகம் வரவில்லை. பாதி விவரம் அன்றைக்கே போய்விட்டதே! கோடாகிப்போன ஃப்ரேமில் இழுக்கவே ஒன்றுமில்லை. கல்லாவில் இல்லாத பணம் எந்த என்ட்ரி போட்டாலும் வராது. முதல் வருஷப் பாடம்.

ஒரிஜினல் கேமரா கேசட்? அதன்மேலேயே அடுத்த முகூர்த்தத்தை எடுத்துவிட்டார்களாம்.

கடைசியில், சுற்ற ஆரம்பிக்குமுன் 11 ஃப்ரேம் தேறியது. அரை செகண்டுகூட இல்லை. அதை மெதுவாக ஓடவிட்டேன். கைகள் கூடுகின்றன. லேசாகச் சிரிக்கிறார். அவ்வளவுதான்.

அப்பாயி பத்து தடவை பார்த்தது. "இப்பதாண்டா மனுசன் நின்னு பாக்கறாரு."

தை மாசம் கல்யாணம் வைத்திருக்கும் நண்பர்களே! பேரைச் சுற்றட்டும், பூவைச் சுற்றட்டும், நீங்களே வேண்டுமானாலும் சுற்றுங்கள். வாசலில் கும்பிட்டு நிற்கிற பெரியவரை மட்டும் சும்மா விடச் சொல்லுங்கள். கையோடு, எடிட் பண்ணாத ஃபைலையும் கேட்டு வாங்கி வையுங்கள். பாக்கிப் பணம் கொடுக்கும் முன்னாடியே!