தரிசு என்று எழுதியவன் நான்

முப்பத்திரண்டு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து ஊர்களில். எது நஞ்சை, எது புஞ்சை, எது ஓடை, எது சுடுகாடு என்று யார் கேட்டாலும் ‘அ’ பதிவேட்டைப் புரட்டாமலே சொல்வேன். அந்தப் பதிவேட்டில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றொரு வகை உண்டு. ‘கல்லாங்குத்து’ என்று இன்னொன்று. இரண்டையும் எத்தனை முறை என் கையால் எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. அந்த இடத்தில் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. அதை எழுதப் பதிவேட்டில் தனிக் கலமே கிடையாது.

வெள்ளைக்காரன் வரி வசூலுக்காகப் போட்ட கணக்கு அது. தீர்வை வந்தால் நிலம், வராவிட்டால் தரிசு. ஆடு மாடு மேய்ந்த இடம் மேய்க்கால், ஊர் கூடிய இடம் மந்தைவெளி, நெல் அடித்த இடம் களம். எல்லாம் சேர்த்துப் புறம்போக்கு. ஊருக்கெல்லாம் பொதுவான நிலத்தின் பெயர் வசைச்சொல்லாகிப் போனது நம் ஊரில்தான்.

கண்மாய்க்காவது ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதற்குத் தனிப் புல எண் உண்டு. கரையும் உள்வாயும் அதற்குள் வந்துவிடும். யாராவது ஆக்கிரமித்தால் பி மெமோ என்னும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்கலாம், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அகற்றலாம். செய்கிறோமா என்பது வேறு கதை. அந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் அனுப்பும் மேட்டுநிலத்துக்கு இந்த அளவு பாதுகாப்புகூட இல்லை. பானையைப் பூட்டி வைத்துவிட்டு ஊற்றைத் திறந்து போட்டிருக்கிறோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. ஒரு கண்மாய்க்கு மேற்கே பன்னிரண்டு ஏக்கர் கல்லாங்குத்து. கல் உடைக்கக் குத்தகை கேட்டிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். பாறை, சரளை, பத்துப் பதினைந்து வேலமரம், யாரோ கிடை போட்டுப் போன ஆட்டுப் புழுக்கை. ‘மேற்படி புலம் சாகுபடிக்கு உதவாத கல்லாங்குத்து; ஆட்சேபணை ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காசு வாங்கவில்லை, ஒரு டீ குடித்ததோடு சரி. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. காசுக்கு எழுதியிருந்தால் தப்பென்று தெரிந்து செய்த தப்பாக இருந்திருக்கும்.

நாலு வருடம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது ஐப்பசி மழை விட்ட மறுநாள். கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டி எழுபது வயதுப் பெரியவர். “வாங்க சார், ஒண்ணு காட்டுறேன்” என்று கூட்டிப்போனார். குவாரிக்கு இந்தப் பக்கம் மிச்சமிருந்த சரிவில் பாறை ஈரமாய் மினுங்கியது. பாறை முடிந்து புல் தொடங்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, வேரடியில் விரலை விட்டு மண்ணை விலக்கினார். நூல் பருமனுக்கு நீர் கசிந்துகொண்டிருந்தது. அப்படிப் பல நூல்கள் கீழே ஒரு பள்ளத்தில் கூடி, பள்ளம் ஓடையாகி, ஓடை வரத்துக்கால் ஆகிறது. “சார், ஒங்க படத்துல வரத்துக்கா இங்கிட்டு இருந்துதான் ஆரம்பிக்குது. அது பொறக்குறது அந்தா அங்கிட்டு” என்று கையை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் அறுபதடிக் குழி. மேலிருந்து வந்த ஓடை அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. கண்மாய் நிரம்பி, உபரிநீர் வழியும் கலுங்கைத் தொட்டு மூன்று வருடமாகிவிட்டதென்றார். கலுங்கு வழியாமல் மறுகால் ஏது? அடுத்த கண்மாயும் காய்ந்து கிடந்தது. என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த ஊர்ப் பெயரை எழுத எனக்கு மனமில்லை.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் அரிட்டாபட்டி.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பர் 22இல் மாநில அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள் என்று அப்போது அரசே கணக்குச் சொன்னது. வல்லூறும் ராசாளியும் உட்பட 250 வகைப் பறவைகள். குகைத்தளத்தில் தமிழி எழுத்து, சமணர் படுக்கை, பாறையைக் குடைந்த பாண்டியர் காலத்துச் சிவன் கோயில். அதற்கும் முன்பே, கிரானைட் வெட்ட வந்தவர்களை மலையடிவாரத்தில் நின்று மறித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மேலூர்ப் பக்கத்தில் எத்தனையோ குன்றுகள் சதுரம் சதுரமாக அறுபட்டுப் போனபோது இந்த மலை தப்பியது அவர்களால்தான்.

சரியாக இரண்டு வருடம் ஆகவில்லை. 2024 நவம்பர் 7ஆம் தேதி, அரிட்டாபட்டியும் அடங்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போனதாகச் செய்தி. பரப்பு இருபது சதுர கிலோமீட்டர். 2023இல் திருத்திய கனிமச் சட்டப்படி இத்தகைய முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் போய்விட்டது. மந்தைகளில் கூட்டம் கூடியது. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9இல் சட்டப்பேரவையும் தீர்மானம் போட்டது.

நான் கவனித்தது டிசம்பர் 24ஐ. பல்லுயிர்த் தலம் மொத்தத் தொகுதியில் பத்தில் ஒரு பங்குதான், அதை மட்டும் விலக்கி எல்லையைத் திருத்த முடியுமா என்று புவியியல் ஆய்வுத் துறையிடம் அன்றைக்கு மத்திய அரசு கேட்டது. என் பழைய உத்தியோகத்தின் மூளை அப்படியே அதில் தெரிந்தது. பதிவேட்டில் பெயர் உள்ள இடத்தை விட்டுவிடு, மீதியைத் தோண்டு. அறிவித்த எல்லைக்குள் பறவை கூடு கட்டும், அதற்கு வெளியே பெய்த மழைதான் கண்மாயை நிரப்பும் என்பது கோப்பில் வராது. வல்லாளப்பட்டி மந்தையில் நான் கேட்ட பேச்சில் அது வந்தது. கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது, அதன் மறுகால் எங்கே சேர்கிறது என்று பெயர் பெயராகச் சொன்னார். முப்பத்திரண்டு வருடச் சர்வீஸில் எனக்குத் தெரியாத இரண்டு பெயர் அதில் இருந்தது.

பத்தில் ஒரு பங்குக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23இல் ஏலம் முழுவதுமாக ரத்தானது.

சந்தோஷம்தான். ஆனால் அந்த இருபது சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒன்பது பங்கு இன்றைக்கும் பல்லுயிர்த் தல எல்லைக்கு வெளியேதான் கிடக்கிறது. பட்டா நிலம் போக மிச்சம் பதிவேட்டில் பழையபடி தரிசு, கல்லாங்குத்து, பாறை. டங்ஸ்டன் போனால் நாளைக்கு இன்னொன்று வரும். சென்னைக்காரர்களும் யோக்கியர்களாகப் பேச வேண்டாம். டங்ஸ்டனை எதிர்த்துத் தீர்மானம் போட்ட இதே பேரவைதான் 2023 ஏப்ரலில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டமென்றால் உள்ளே ஓடை, வாய்க்கால், குளம் இருந்தாலும் சேர்த்துக் கொடுக்க அதில் வழியிருக்கிறது. பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டுத் தரத் திட்டம் போடுங்கள் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

நான் கேட்பது சின்ன விஷயம். கண்மாய்க்கு நீர் தரும் சரிவு, கல்லாங்குத்து, மேய்க்கால் ஒவ்வொன்றுக்கும் ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தில், ‘இன்ன கண்மாயின் நீர்வரத்து நிலம்’ என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இருந்தால் என்னைப் போன்ற ஒருவன் ‘ஆட்சேபணை இல்லை’ என்று சுலபமாக எழுதிவிட முடியாது. வகைப்பாடு மாற்ற வேண்டுமென்றால் கிராமசபை சம்மதிக்க வேண்டும். கிராமசபை என்றால் எல்லாம் புனிதம் என்று சொல்ல வரவில்லை. ஊருணியைத் தூர்த்து அதன்மேல் கட்டடம் எழுப்பிய ஊராட்சிகளையும் பார்த்திருக்கிறேன். வீடில்லாதவருக்கு மனை கொடுக்கவும் இந்தத் தரிசைத்தான் தேடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. எந்தப் பக்கம் சரிவு என்று பார்த்துக் கொடுங்கள், அவ்வளவுதான். ஓடையில் மனை வாங்கியவன் வீட்டுக்குள்தான் முதல் வெள்ளம் வரும்.

இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அ-பதிவேட்டை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேலே உள்ள புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல மழைக்கு மறுநாள், நீர்க்கட்டி உயிரோடிருந்தால் அவரோடு, இல்லாவிட்டால் ஆடு மேய்ப்பவரோடு, அந்த எண்கள் வழியே நடந்து பாருங்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கும் கிராமசபை கூடுகிறது; அந்தப் பட்டியலைத் தீர்மானமாக்கித் தாசில்தாருக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் யாராவது உங்கள் ஊரில் இருப்பார். சும்மாதான் உட்கார்ந்திருப்பார், பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் கையெழுத்துப் போட்ட ஊருக்கு நானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், குழி போக மிச்சமிருக்கும் சரிவுக்காவது அந்த ஒரு வரியை எழுதச் சொல்லி. எட்டு மாதம் ஆகிறது. பரிசீலனையில் இருக்கிறதாம்.