உயிர் காக்கும் ஊர்திக்கும் உரைகல் வேண்டும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே, நோயுற்ற தோட்டத் தொழிலாளரைக் கொழுந்து ஏற்றும் லொறியிலே கிடத்திக் கொண்டுசென்ற காலத்தை நம் பழைய மாணவருள் மூத்தோர் மறந்திரார். வழியிலேயே பிரிந்த உயிர்கள் எத்தனையோ! 2016ஆம் ஆண்டு ஜூலையில், இந்திய அரசின் நன்கொடையால், மேல், தென் மாகாணங்களில் 88 நோயாளர் காவு வண்டிகளோடு தொடங்கிய ‘1990 சுவசெரிய’ இலவச சேவை பின்னர் நாடெங்கும் பரந்தது. இதனை நாம் நன்றியோடு போற்றுகின்றோம்.

ஆயினும், வண்டி வந்துவிட்டால் நம் கவலை தீர்ந்துவிடுமா? அழைத்து எத்தனை நிமிடத்தில் வந்தது? ஒட்சிசன் கலன் நிறைந்திருந்ததா? உடன் வருபவர் தம் பயிற்சியைக் காலந்தோறும் புதுப்பித்தவரா? தமிழ் மட்டுமே அறிந்த தாயொருத்தி ஹந்தானை லயத்திலிருந்து கூறும் துயரை விளங்கிக்கொள்வார் உளரா? அரச வண்டியாயினும் தனியார் வண்டியாயினும் இவ்வினாக்களுக்கு விடை வேண்டும்.

அவ்விடையை மதிப்பிடுவோர் யார்? தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவனுக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும், கல்வி கிடைக்காது. ஆசிரியராகிய நாம் இதனை நன்கறிவோம். அமெரிக்க நாட்டில் நோயாளர் காவு சேவைகளுக்கென ஓர் அங்கீகார ஆணைக்குழு 1990ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது. சேவைகள் தாமாகவே விண்ணப்பிக்கின்றன. வெளியார் நேரில் வந்து பரிசோதிக்கின்றனர். தேறியவை மூன்றாண்டுக்குச் சான்று பெறுகின்றன. நம் நாட்டிலும் மருத்துவ ஆய்வுகூடங்கள் இவ்வாறு தாமே முன்வந்து தராதர அங்கீகாரம் பெற்று வருகின்றன. இரத்தத் துளியைச் சோதிக்கும் கூடத்திற்குத் தகும் முறை, உயிரையே சுமக்கும் வண்டிக்குத் தகாதோ?

“விரும்பினோர் மட்டும் தேர்வுக்கு வரலாம் என்றால், தகுதியற்றோர் தப்பிவிடுவரே, வீதியிலே வீழ்ந்து கிடப்பவன் வண்டியைத் தெரிவு செய்வானோ?” என வினவுவார் உளர். நியாயமான வினாவே. நோயாளி தெரிவு செய்ய இயலான். ஆனால் வண்டியை அமர்த்தும் வைத்தியசாலைகளும் தோட்ட நிர்வாகங்களும் தெரிவு செய்யலாம். அவர்கள் “சான்று எங்கே?” என்று கேட்கத் தொடங்கினால், பின்தங்கியோரும் தேர்வை நாடி வருவர். சட்டம் கீழெல்லையை வகுக்கும். அதற்கு மேலே உயர்த்துவது தன்மானமே.

விழாக் கொண்டாடும் இவ்வேளையில், நம் கல்லூரி ஈன்ற மருத்துவரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் ஒருங்குகூடி, நம் மலைப்பாதைகளுக்கேற்ற தராதரங்களை வரைந்து உரியோர்முன் வைப்பாராக. அதனினும் சிறந்த விழாக் காணிக்கை வேறுண்டோ?